நாலாவது வால்வு மேலேயா, பக்கவாட்டிலா: பழைய யூஃபோனியம் இரண்டு வாங்கியவன் சொல்வது

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் பஸ்ஸில் யூஃபோனியம் (பெரிய பித்தளை ஊதுவாத்தியம்) வைத்த பெட்டியோடு ஏறினால் கண்டக்டர் முதலில் பெட்டியைப் பார்ப்பார், அப்புறம் என்னைப் பார்ப்பார், அப்புறம் லக்கேஜ் டிக்கெட் கிழிப்பார். "உள்ளே என்னங்க, கிரைண்டரா?" என்று கேட்டவரும் உண்டு. அந்தப் பெட்டியோடு நான் ஏறி இறங்கிய நடைக்குக் கணக்கில்லை. பழைய யூஃபோனியம் இரண்டு வாங்கிவிட்டேன். நடுவில் இன்னொன்றை வாங்கப் போய் ஐயாயிரம் ரூபாயைத் தொலைத்தேன். அதையும் சொல்கிறேன்.

பகலில் நான் ஒரு டீ பேக்டரியில் பச்சை இலை எடை போட்டுக் கணக்கு எழுதுபவன். ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸ், ஈஸ்டர், யாராவது இறந்துபோனால் அடக்கம் என்றால் எங்கள் சர்ச் பேண்டில் யூஃபோனியம் ஊதுவேன். அப்பா வெலிங்டனில் ரெஜிமென்ட் பேண்டில் இருந்தவர். அவர் சொல்லிக்கொடுத்ததுதான் எனக்குத் தெரிந்த சங்கீதம். என் மனைவி இந்த வாத்தியத்தை "அண்டா" என்றுதான் சொல்வாள்.

முன்பு எங்கள் சர்ச்சில் இருந்தது மீரட்டில் செய்த மூன்று வால்வு யூஃபோனியம். வடக்கே கல்யாண பேண்டுகளுக்கு வாத்தியம் செய்யும் ஊர் அது. அங்கே ஜாலி கோட்டி என்ற பகுதியே இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. எங்களுடையது நன்றாகவே உழைத்தது. கடைசியில் வால்வுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் தேய்ந்து, ஊதுகிற காற்றில் பாதி வாத்தியத்துக்கும் மீதி கோத்தகிரிக்கும் போனது. 2019 கிறிஸ்துமஸ் முடிந்ததும் கமிட்டி அறுபதாயிரம் ஒதுக்கியது. அதற்கு மேல் ஆனால் என் பாடு. அப்போதுதான் இந்தக் கேள்வி வந்தது: கம்பென்சேட்டிங் (சுருதிக் குறையைத் தானே ஈடுகட்டும் வகை) வாங்குவதா, சாதா நாலு வால்வு வாங்குவதா?

இதைப் புரிந்துகொள்ள ஒரு டேப் போதும். பி-பிளாட் யூஃபோனியத்தின் குழலை நேராக நீட்டினால் சுமார் 275 சென்டிமீட்டர் வரும். இரண்டாவது வால்வை அழுத்தினால் 16 சென்டிமீட்டர் குழல் சேரும், சுருதி ஒரு செமிடோன் (பியானோவில் அடுத்த கட்டை அளவு) இறங்கும். முதல் வால்வு 34 சென்டிமீட்டர், ஒரு முழு டோன். மூன்றாவது 52, ஒன்றரை டோன். தனித்தனியாக அழுத்தினால் எல்லாம் சரி, சேர்த்து அழுத்தினால்தான் வம்பு. முதலும் மூன்றும் சேர்ந்தால் 86 சென்டிமீட்டர் கிடைக்கிறது, தேவையோ 92. மூன்றையும் அழுத்தினால் 102 கிடைக்கிறது; தேவை 114. குழல் குட்டையானால் சுருதி ஏறும். முதல் கணக்கில் முப்பது சென்ட், இரண்டாவதில் ஐம்பதுக்கும் மேல். நூறு சென்ட் ஒரு செமிடோன் என்பதால் மூன்றையும் அழுத்தும் சுரம் பாதி தூரம் அடுத்த சுரத்துக்கே போய்விடுகிறது. மூன்று வால்வு வாத்தியத்தில் நாங்கள் இத்தனை வருஷமும் உதட்டைத் தளர்த்தித் தளர்த்தி ஓட்டியது இதைத்தான்.

நாலாவது வால்வு இந்த வம்புக்குப் பாதி மருந்து. அது ஒரே மூச்சில் 92 சென்டிமீட்டர் சேர்க்கும். ஆகவே 1+3க்குப் பதில் 4 மட்டும், 1+2+3க்குப் பதில் 2+4. அந்த இரண்டு சுரமும் அடங்கிவிடும். ஆனால் நாலாவதை அழுத்தியதும் வாத்தியத்தின் மொத்த நீளம் 367 ஆகிவிடுகிறது. இப்போது இரண்டாவது வால்வு ஒரு செமிடோன் இறக்க 22 சென்டிமீட்டர் வேண்டும். அதனிடம் இருப்பது பழைய 16தான். எட்டு வயசுப் பையனுக்கு வெட்டிய சட்டைக் கையைப் பன்னிரண்டு வயசுச் சட்டையில் வைத்துத் தைத்தால் எப்படி இருக்கும், அப்படி. கீழே போகப் போகக் குட்டை அதிகமாகும்.

கம்பென்சேட்டிங் வாத்தியம் அந்தக் கையோடு ஒட்டுத்துணி சேர்த்துத் தைக்கிறது. லண்டனில் பூசி கம்பெனியில் இருந்த டேவிட் ஜேம்ஸ் பிளேக்லி 1874-இல் காப்புரிமை வாங்கிய யோசனை இது. நாலாவது வால்வை அழுத்தினால் அதன் குழலைச் சுற்றிவந்த காற்று, நேராக பெல்லுக்கு (வாத்தியத்தின் விரிந்த வாய்க்கு) போகாமல் மற்ற மூன்று வால்வுகளுக்குள் இன்னொரு முறை நுழைகிறது. இரண்டாம் முறை போகும்போது ஒவ்வொரு வால்வின் பின்னாலும் ஒரு குட்டி வளையம் இருக்கும். இரண்டாவது வால்வின் வளையம் குறைகிற ஐந்தரை சென்டிமீட்டரைச் சேர்க்கும். முதல் வால்வின் வளையம் பதினொன்று சேர்க்கும். நாலாவதை அழுத்தாதவரை இந்த வளையங்கள் சும்மா இருக்கும். கேட்கும்போதே கை தட்டத் தோன்றுகிறது அல்லவா? நானும் தட்டினேன். ஆனால் முதலில் வாங்கியது சாதாவைத்தான்.

காரணம் பணம். 2020 பிப்ரவரியில் கோயம்புத்தூரில் ஒருவர் யமஹா 321-ஐ எழுபத்திரண்டாயிரத்துக்குக் கொடுத்தார். நாலு வால்வும் மேலே ஒரே வரிசை, நாலாவதுக்கு வலது கைச் சுண்டுவிரல். குழல் விட்டம் 14.5 மில்லிமீட்டர், பெல் 280. முதல் ஊதலிலேயே பிடித்துப்போனது. காற்று தடையில்லாமல் போகிறது. நடு ஸ்தாயியில் பாமாலைப் பாட்டுக்கு இதைவிட இதமான சத்தம் வேண்டியதில்லை. பேக்டரித் தராசில் வைத்துப் பார்த்தேன், மூன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கிறிஸ்துமஸ் பவனிக்கு வீடு வீடாக ஏறி இறங்குகிற எங்களுக்கு அந்த எடை ஒரு வரப்பிரசாதம். எங்கள் பக்கம் எந்த வீடும் சமதரையில் இருக்காது.

வாங்கி ஒரு மாதத்தில் ஊரடங்கு. அடக்கத்துக்கே இருபது பேருக்கு மேல் கூடாது என்றபோது பேண்டுக்கு ஏது வேலை? சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று ஸ்கேல் ஊதினேன். பக்கத்து வீட்டுப் பாட்டி இரண்டாம் வாரம் கூப்பிட்டு, "ஏப்பா, அதே பாட்டைத்தான் தினமும் ஊதுறியே, வேற தெரியாதா?" என்று கேட்டார். அந்த மாதங்களில் யமஹாவின் ஒவ்வொரு சுரமும் எனக்கு மனப்பாடம் ஆனது. எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று நோட்டில் குறித்து வைத்தேன். அந்த நோட்டுதான் இப்போது எழுதுவதற்கு ஆதாரம்.

சுரப் பெயர்களை பியானோவில் உள்ளபடி சொல்கிறேன். ட்ரெபிள் கிளெஃபில் படித்துப் பழகிய பேண்டுக்காரர்கள் ஒரு டோன் கூட்டிக்கொள்ளுங்கள். 4 மட்டும் அழுத்தினால் கீழ் எஃப், சுத்தமாக வருகிறது. அடுத்து இ, 2+4: இருபத்தைந்து சென்ட் ஏறுகிறது, உதட்டில் சமாளிக்கலாம். இ-பிளாட்டுக்கு முறைப்படி 1+4. அது ஐம்பது சென்ட் ஏறிக்கொண்டு நிற்கும், ஆகாது. 1+2+4 என்று ஒரு விரல் கூடுதலாக அழுத்தினால் இருபது சென்ட் இறங்கி நிற்கும். டி-க்கு 2+3+4, அதிர்ஷ்டவசமாகக் கிட்டத்தட்டச் சரி. டி-பிளாட்டுக்கு நாலையும் அழுத்த வேண்டும், அதிலும் கால் செமிடோன் இறக்கம். அதோடு வால்வுகள் தீர்ந்தன. சி-யும் பி-நேச்சுரலும் இந்த வாத்தியத்தில் கிடையாது. அதற்குக் கீழே பெடல் பி-பிளாட், வால்வே இல்லாமல் வரும். நடுவில் இரண்டு படி உடைந்த ஏணி மாதிரி.

இது எதுவும் இரண்டு வருஷம் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. ஏனென்றால் கீழ் வரியை இ-பிளாட் பாஸ் என்ற இன்னும் பெரிய வாத்தியம் ஊதும் தம்பி பார்த்துக்கொண்டான். யூஃபோனியத்துக்கு எழுதும் பாகம் கீழ் எஃப்-பைத் தாண்டுவதே அபூர்வம். 2022-இல் அவனுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்து கீழே போய்விட்டான். பாஸ் வாத்தியம் சர்ச் பீரோவில் தூங்கியது, கீழ் வரி என் தலையில் விழுந்தது.

அந்த வருஷம் நவம்பரில் ஓர் அடக்கம். தேயிலைக் காட்டை ஒட்டிய கல்லறைத் தோட்டம், நாலு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. பாட்டு இ-பிளாட்டில். கடைசிச் சுரம் கீழ் இ-பிளாட், நீளமாகப் பிடிக்க வேண்டியது. 1+2+4 அழுத்திப் பிடித்தேன். பக்கத்தில் ட்ராம்போன் அண்ணன் அதே சுரத்தை ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேலே பிடித்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு நடுக்கம் கிளம்பியது, வண்டிச் சக்கரம் கோணலாகச் சுற்றுகிற மாதிரி வவ்-வவ்-வவ். அவர் கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். அடுத்த பாட்டு சி மேஜர். முடிவில் கீழ் சி. நாலையும் அழுத்தினாலும் இன்னும் இருபது சென்டிமீட்டர் குழல் குறைகிறது. நாலாவது வால்வின் ஸ்லைடை (இழுத்து நீட்டும் குழலை) பத்து சென்டிமீட்டருக்கு மேல் வெளியே இழுத்தால் கிடைக்கும். குழிப் பக்கத்தில் நின்றுகொண்டு யார் ஸ்லைடு இழுப்பது? ஓர் ஆக்டேவ் மேலே ஊதி முடித்தேன். யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் ட்ராம்போன் அண்ணனுக்கும் தவிர.

அந்த ராத்திரியே கம்பென்சேட்டிங் தேட ஆரம்பித்தேன். அவசரம் வந்தால் புத்தி பின்னால்தானே வரும்?

ஊட்டியில் பழைய சாமான் வாங்கி விற்கும் ஒரு கடை. கடைப் பெயர் உங்களுக்குத் தேவையில்லை. வெள்ளி முலாம் பூசிய லண்டன் வாத்தியம், மூன்று வால்வு மேலே, நாலாவது பக்கவாட்டில், பின்னால் குட்டி வளையங்கள். பார்த்ததும் கால் தரையில் இல்லை. விலை ஐம்பதாயிரம். டிசம்பர் காலை எட்டு மணி, கடை வாசலில் புல்மேல் உறைபனி இன்னும் வெள்ளையாக இருந்தது. மெயின் ஸ்லைடை முழுக்க வெளியே இழுத்தே வைத்திருந்தார்கள். ஊதிப் பார்த்தேன். டியூனரில் (சுருதி காட்டும் கருவி) பத்துப் பதினைந்து சென்ட் ஏறியிருந்தது. "அதென்ன பெரிய விஷயம்" என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு ஐயாயிரம் அட்வான்ஸ் கொடுத்தேன். கடைக்காரர் வாத்தியத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க அனுமதித்தார். அதுவரை நல்ல மனிதர்.

வீட்டில் அடுப்பங்கரைக் கதகதப்பில் கால் மணி நேரம் ஊதியதும் குட்டு வெளிப்பட்டது. பிரிட்டிஷ் பேண்டுகள் 1960-களின் நடுப்பகுதி வரை ஹை பிட்ச் என்ற சுருதியில் ஊதினார்கள். இப்போது ஏ என்ற சுரம் என்றால் நொடிக்கு 440 அதிர்வு. அவர்களுக்கு அது 452 சொச்சம். கிட்டத்தட்ட அரை செமிடோன் வித்தியாசம். அந்தக் காலத்து வாத்தியங்களின் குழல் அந்த அளவுக்குக் குட்டை. மெயின் ஸ்லைடை இழுத்து 440-க்கு ஓரளவு கொண்டுவரலாம், ஆனால் வால்வுக் குழல்கள் எல்லாம் குட்டையாகவே இருக்கும், எல்லா சுரமும் ஒன்றோடொன்று சண்டை போடும். இந்த உண்மையை உறைபனி மறைத்துவிட்டது. குழலுக்குள் இருக்கும் காற்று பத்து டிகிரி குளிர்ந்தால் சுருதி முப்பது சென்ட் இறங்கும். ஸ்லைடு இழுத்தது பாதி, குளிர் இறக்கியது பாதி. மறுநாள் திருப்பிக் கொண்டுபோனேன். "அட்வான்ஸ் திரும்ப வராதுங்க, போர்டு பாருங்க" என்றார். போர்டு இருந்தது, அவர் முதுகுக்குப் பின்னால்.

(மலை உயரத்தால் சுருதி மாறும் என்று எங்கள் பேண்டிலேயே ஒருவர் சத்தியம் செய்வார். மாறாது. ஏழாயிரம் அடி உயரம் ஒன்றும் செய்யாது, குளிர்தான் செய்யும்.)

சரி, கம்பென்சேட்டிங் கிடைத்த கதைக்கு வருகிறேன். அப்பாவோடு ஒரே பேண்டில் இருந்த ஒருவர் குன்னூரில் பெட்ஃபோர்டு பக்கம் இருக்கிறார். நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு பள்ளிக்கூட பேண்டு கலைந்தபோது ஏலத்தில் எடுத்த லண்டன் வாத்தியம் அவரிடம் இருந்தது. வயசு எண்பதைத் தாண்டிவிட்டது, தூக்க முடியவில்லை. தொண்ணூறாயிரம் கேட்டார். அப்பா பேரைச் சொல்லி எண்பத்தைந்துக்கு இறக்கினேன். இதில் வெட்கம் ஒன்றுமில்லை, அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார்.

2023 ஜனவரியில் அவர் வீட்டில் அதை ஊதிப் பார்த்தேன். அத்தை டீயும் வர்க்கியும் கொண்டுவந்து வைத்தார். மாமா டீயைக் குடிக்க விடவில்லை. "முதல்ல வாத்தியத்தைச் சூடாக்கு, அப்புறம் உன் வயித்தைச் சூடாக்கு" என்றார். இருபது நிமிஷம் ஊதவிட்டுத்தான் டியூனரை எடுக்கச் சொன்னார். ஊட்டிக் கடைக்குப் போகும்முன் இவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஐயாயிரம் மிஞ்சியிருக்கும்.

இடது கை சுற்றிவந்து பக்கவாட்டில் நாலாவது வால்வை அழுத்துகிறது. சுண்டுவிரலுக்கு விடுதலை. வலது கைச் சுண்டுவிரல் பலவீனமான விரல், வேகமான இடங்களில் யமஹாவில் அது எப்போதும் அரை நொடி தாமதம். இடது கை விரலில் அந்தத் தொல்லை இல்லை. பழக எனக்கு ஒரு மாதம் ஆனது. நின்று ஊதும்போது இடது கை ஒரே நேரத்தில் தாங்கவும் வேண்டும், அழுத்தவும் வேண்டும். எடை நாலரை கிலோ, முதல் வாரம் தோள்பட்டை வலி.

கீழ் ஸ்தாயியில் 2+4 அழுத்தினால் இ சரியாக வந்தது. 1+4 அழுத்தினால் இ-பிளாட், அதுவும் சரி. அந்த இ-பிளாட்டை நான் நாலு மூச்சு பிடித்தேன். மாமா சிரித்தார். 1+2+4 டி. 2+3+4 டி-பிளாட். 1+3+4 சி. நாலையும் அழுத்தினால் பி-நேச்சுரல். ஏணியில் எல்லாப் படியும் இருக்கிறது.

ஆனால் விற்பவர்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. கடைசி இரண்டு படி கம்பென்சேட்டிங்கிலும் கொஞ்சம் ஆடும். முதலும் மூன்றும் சேர்ந்தால் வரும் பழைய முப்பது சென்ட் ஏற்றம் கீழ் சி-யிலும் வரும். மூன்றும் சேர்ந்தால் வரும் ஐம்பது, பி-நேச்சுரலிலும் வரும். அந்தக் குட்டி வளையங்கள் நாலாவது வால்வால் வரும் குறையைத்தான் ஈடுகட்டுகின்றன, மற்ற மூன்றின் தங்களுக்குள்ளான குறையை அல்ல. மூன்றாவது ஸ்லைடைக் கொஞ்சம் இழுத்து வைத்து, உதட்டால் மீதியைச் சரிசெய்ய வேண்டும். இல்லாத சுரத்தைவிட இருபது சென்ட் ஏறிய சுரம் ஆயிரம் மடங்கு மேல் என்பது வேறு விஷயம்.

மேலேயும் ஒரு குணம் உண்டு. நடு சி-க்கு மேலே உள்ள எஃப், அதன் கீழே இ, இ-பிளாட் ஆகிய மூன்றும் இந்த வகை வாத்தியங்கள் பலவற்றில் ஏறி நிற்கும். என்னுடையதில் எஃப் இருபது சென்ட். அதற்காகவே புது வாத்தியங்கள் சிலவற்றில் மெயின் ஸ்லைடை இழுக்கக் கட்டைவிரல் ட்ரிக்கர் வைக்கிறார்கள். என்னுடையதில் இல்லை. அந்த இடத்தில் என் யமஹா இதைவிட ஒழுங்கு. ராகம் பாடுகிற பாகம், மேல் ஸ்தாயி, கீர்த்தனை எல்லாம் என்றால் இன்றும் யமஹாவையே எடுப்பேன்.

சத்தம்? லண்டன் வாத்தியத்தின் நடுச் சத்தம் இன்னும் அகலம், இன்னும் இருட்டு. சர்ச்சின் பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட என் மகள், "இது கம்பளி, அது காட்டன்" என்றாள். அதற்கு மேல் எனக்கு வர்ணிக்கத் தெரியாது. ஆனால் நாலாவது வால்வை அழுத்தியதும் காற்று இரண்டு சுற்று போகவேண்டியிருப்பதால் ஒரு அடைப்பு தெரியும். வாய்க்காலில் யாரோ மடையைப் பாதி சாத்தின மாதிரி. மூச்சு கூடுதலாக வேண்டும். ஐம்பது வயசில் அது எனக்குத் தெரிகிறது.

இன்னொன்று தண்ணீர். எங்கள் ஊர்க் குளிரில் மூச்சின் ஈரம் குழலுக்குள் சீக்கிரம் தண்ணீராகிவிடும். சாதா வாத்தியத்தில் கீழே உள்ள வாட்டர் கீயைத் தட்டினால் பெரும்பாலும் போய்விடும். கம்பென்சேட்டிங்கில் அந்தக் குட்டி வளையங்களில் போய் ஒளிந்துகொள்ளும். பாட்டு நடுவில் நாலாவதை அழுத்தியதும் கொர கொர என்று ஹுக்கா இழுக்கிற சத்தம். வாத்தியத்தை முழுக்க ஒரு சுற்று சுற்றித்தான் கொட்ட வேண்டும். சபைக்கு முன்னால் அப்படிச் சுற்றுவது பார்க்க அழகாக இருக்காது.

பழையது வாங்கும்போது இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் தேய்மானத்தில் இருக்கிறது. கம்பென்சேட்டிங் பிஸ்டன் நீளம், ஓட்டைகள் அதிகம், காற்று இரண்டு முறை கடக்கிறது. கொஞ்சம் தேய்ந்தாலும் கசிவு இரட்டிப்பாகத் தெரியும், அதுவும் நாம் எதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கிறோமோ அந்தக் கீழ் சுரங்களில்தான் முதலில் தெரியும். ஆகவே தேய்ந்த கம்பென்சேட்டிங்கைவிட நல்ல நிலையில் உள்ள சாதா நாலு வால்வு எப்போதும் மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெயருக்காக வாங்காதீர்கள்.

தேய்மானம் பார்க்க மாமா காட்டிய வழி: வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை மெதுவாக வெளியே இழுங்கள். முழுக்க வந்ததும் பாட்டில் மூடி திறக்கிற மாதிரி டப் என்று சத்தம் வர வேண்டும். என் யமஹாவில் நாலும் டப். லண்டன் வாத்தியத்தில் மூன்று டப், இரண்டாவது மட்டும் ஒரு பெருமூச்சு. மாமாவே ஒத்துக்கொண்டார், அந்த ஐயாயிரம் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பின்னால் அந்தப் பிஸ்டனுக்கு முலாம் போடக் கீழே ஒரு ரிப்பேர்காரரிடம் கொடுத்தேன். ஒரு மாதம் என்றவர் நாலு மாதம் வைத்துக்கொண்டார். திரும்பி வந்த பிஸ்டன் அவர் கடை வெயிலில் வழுக்கிக்கொண்டு ஓடியது, இங்கே டிசம்பர் காலையில் அழுத்தினால் கீழேயே உட்கார்ந்துவிட்டது. மெல்லிய எண்ணெய்க்கு மாறி, தினமும் துடைத்து, ஒரு சீசன் ஊதியபின்தான் வழிக்கு வந்தது. ஒரு பிஸ்டனைக் கழற்றும்போது அதன் மேல் பொறித்த எண்ணைப் பாருங்கள். மாற்றிப் போட்டால் காற்றே போகாது, வாத்தியம் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பயந்துபோவீர்கள். நான் பயந்தேன்.

நாலாவது வால்வு பக்கவாட்டில் இருந்தால் கம்பென்சேட்டிங் என்று சிலர் சொல்லி விற்பார்கள். நம்பாதீர்கள். அப்படி அமைந்த சாதா வாத்தியங்களும் உண்டு. மூன்றே வால்வில் கம்பென்சேட்டிங்கும் உண்டு, பழைய லண்டன் வாத்தியங்களில் நிறைய. அதில் முதல் இரண்டு வால்வுக்கு மட்டும்தான் வளையம். வால்வு உறையின் பின்பக்கம் குட்டி வளையங்களைக் கண்ணால் பாருங்கள். அதிலும் சந்தேகம் என்றால் வாத்தியத்தைச் சூடாக்கி, 1+4 அழுத்தி கீழ் இ-பிளாட் ஊதுங்கள். டியூனரில் பாதி செமிடோன் ஏறி நின்றால் விற்பவர் என்ன சொன்னாலும் அது கம்பென்சேட்டிங் இல்லை.

மவுத்பீஸ் விஷயம் ஒரு தனித் தலைவலி. யமஹா 321-க்கு ஷாங்க் (மவுத்பீஸில் வாத்தியத்துக்குள் நுழையும் தண்டு) சின்னது. பழைய லண்டன் வாத்தியங்களுக்கு நடுத்தரம், இப்போதைய பெரிய யூஃபோனியங்களுக்குப் பெரியது. நடுத்தரம் சுலபத்தில் கிடைக்காது. ஆகவே பழைய லண்டன் வாத்தியம் வாங்கினால் மவுத்பீஸையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள், விலை பேசுவதற்கு முன்பே. மாமா கொடுத்துவிட்டார். அதன் விளிம்பில் வெள்ளி போய்ப் பித்தளை தெரிகிறது, ஊதினால் உதட்டில் ஒரு புளிப்பு.

யாருக்கு எது என்று கேட்டால்: உங்கள் பேண்டில் பாஸ் வாத்தியம் ஒன்று ஊதும் ஆளோடு இருக்கிறதா? அப்படியானால் சாதா நாலு வால்வு வாங்குங்கள், மிச்சப் பணத்தில் நல்ல பெட்டி வாங்குங்கள். ஊர்வலம் போகிறவர்கள், படி ஏறுகிறவர்கள், சின்னப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதுவே போதும். எட்டுப் பேர் உள்ள பேண்டில் அடித்தளமே நீங்கள்தான் என்றால் கம்பென்சேட்டிங், ஆனால் டப் சத்தம் நாலும் கேட்ட பிறகு. எங்கள் ஊருக்குப் பெயர் கொடுத்த கோத்தர்கள் ஊதும் பித்தளைக் கொம்பில் வால்வே கிடையாது; திருவிழாவில் அது முழங்கும்போது எனக்கு இந்தக் கணக்கெல்லாம் கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தோன்றும். மறுநாள் மறுபடி டியூனரை எடுத்துவிடுவேன்.

போன மாதம் அதே கல்லறைத் தோட்டத்தில் அதே சி மேஜர் பாட்டு. 1+3+4 அழுத்தினேன், மூன்றாவது ஸ்லைடு முன்பே ஒரு விரல்கடை வெளியே இருந்தது. கீழ் சி வந்தது. ட்ராம்போன் அண்ணன் இந்த முறை திரும்பிப் பார்க்கவில்லை.

யமஹாவை விற்பீர்களா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். இப்போதைக்கு இல்லை. சண்டே ஸ்கூலில் ஒரு பையன், பன்னிரண்டு வயசு, அதில்தான் பழகுகிறான். லண்டன் வாத்தியத்தை ஒரு நாள் மடியில் வைத்துக் கொடுத்துப் பார்த்தேன். இடது கை நாலாவது வால்வுக்கு இன்னும் எட்டவில்லை.